பட்டியலில் இல்லாத கத்தரிக்கோல்

அம்மா,

நீ அனுப்பிய மரப்பெட்டி துறைமுகத்துக்கு வந்துவிட்டது. உன் அதிகாரக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்துக்கு நானே தனியாகப் போனேன்.

குமாஸ்தா சாமான் பட்டியலைப் பார்த்தார். "உங்கம்மா வெளிநாட்டு வேலையை விட்டுட்டு ஒரேயடியா வந்துடுறாங்களா, இல்ல சாமான் மட்டும்தானா? வந்துட்டா வரி கிடையாது" என்றார்.

நீயோ போனில் எப்போது கேட்டாலும் "பாக்கலாம்டி" என்கிறாய்.

நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. "காத்துதான் வருது பாப்பா, சத்தம் வரலையே!" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஒரேயடியா வந்துடுறாங்க!" என்று கத்தியே விட்டேன். அடுத்த மாதத்துக்குள் நீ வந்து சேர்வாய் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு பெரிய படிவத்தை நான் நிரப்பியதே இல்லை. ஓர் அடித்தல்கூட இல்லை.

பட்டியலில் தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, தலையணை எல்லாம் இருந்தன. உன் கத்தரிக்கோல் மட்டும் இல்லை. அது இல்லாமல் உனக்கு ஒரு வேலையும் ஓடாது என்று எனக்குத் தெரியும். வரும்போது அதைச் சூட்கேஸில் வை. கைப்பையில் வைத்தால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

வரியில்லாமல் பெட்டியை விட்டுவிட்டார்கள்; மெஷினை வீட்டில் ஜன்னலோரம் போட்டுவிட்டேன்.

உன் மூத்தவள்