சுண்ணாம்பு வரிசையில் நீலம்

மார்ச் 4, காலை 7.10
நிலாத் தென்முனை நிலையம். எழுதுவது ஹெப்சிபா, தாவரப் பிரிவு. இங்கே இரண்டே பேர், நானும் பொறியாளர் செல்லப்பெருமாளும். ஹைட்ரேஞ்சா இரண்டு வரிசையும் பூத்துவிட்டன. மண்ணில் சுண்ணாம்பு கலந்த வரிசை இளஞ்சிவப்பு, படிகாரம் கலந்தது நீலம். படிகாரத்திலுள்ள அலுமினியம் வேரில் ஏறினால் பூ நீலமாகும், அவ்வளவுதான் வித்தை. கருவி பழுதானாலும் மண்ணின் அமிலத்தன்மையைப் பூவே காட்டட்டும் என்று இந்தச் சோதனை. கோத்தகிரியில் வேலியோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் செடி, இங்கே மகாராணி! பூமியோடு பேசும் ஆன்டெனா தகராறு. தண்ணீர் வடிகட்டியும் தகராறு. பெருமாள் பார்த்துக்கொள்கிறார்.

மார்ச் 19, காலை 8.00
சுண்ணாம்பு வரிசை ஊதாவாகிக்கொண்டிருக்கிறது. என் படிகார டப்பாவில் பாதி காணோம். இது யார் வேலை என்று தெரியாதா? இன்டர்காமில் பிடித்தேன். "சத்தியமா உங்க செடியத் தொடல டாக்டரம்மா" என்கிறார். ஆளைப் பார், சத்தியம் வேறு. சுண்ணாம்பை இன்னும் கொஞ்சம் தூவினேன்.

மார்ச் 27, மாலை 4.30
முழு வரிசையும் நீலம். தண்ணீரைச் சோதித்தேன். அலுமினியம் அளவுகோலையே தாண்டி நிற்கிறது. செடிக்கும் ஊற்றும் குடிநீர்த் தொட்டியிலேயே.
பெருமாள் இன்டர்காமில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வடிகட்டி போச்சு. நிலாத் தரையில வெட்டுன ஐஸ உருக்குனா சாம்பல் கரைச்ச மாதிரில்லா வருது. எங்க ஊர்ல குடத்துத் தண்ணி கலங்குனா படிகாரத்த விட்டு ஒரு சுத்து சுத்துவாங்க, தெளிஞ்சிரும். வாராவாரம் போட்டேன். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லல."
அட மனுஷா! ஊரில் குடத்துத் தண்ணீர் குடித்தால் போய்விடும். இங்கே நம் மூத்திரமும் வியர்வையும் திரும்ப அதே தொட்டிக்குத்தான் வருகின்றன. போட்ட அலுமினியம் வெளியே போக வழியே இல்லை. அது மூளையில் படியும். ஒரு வாரமாக அவர் 'ஸ்பேனர்' என்ற சொல்லைத் தேடுகிறார். நான் என் தங்கை பெயரைத் தேடினேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 30, காலை 9.15
வேறு தண்ணீர் இல்லை. வடிகட்டி இல்லாமல் ஐஸ் நீர் வெறும் சேறு. அதையேதான் குடிக்கிறோம். 'தும்பி' விண்கப்பலில் ஆறு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். இறங்கியதும் இந்தத் தொட்டியைத்தான் நம்புவார்கள். முன்கூட்டியே தெரிந்தால் சுற்றுப்பாதை நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். ஆன்டெனாவைச் சரிசெய்யப் பெருமாள் வெளியே போயிருக்கிறார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

மார்ச் 30, காலை 11.40
அவருடைய கடைசி ஒலிபரப்பு:
"டாக்டரம்மா, கதவு எந்தப் பக்கம்?"
இடது பக்கம் என்றேன்.
"இடதுன்னா எது?"
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினேன். அவர் எதிர்ப்பக்கமாக நடந்தார். ஆக்சிஜன் தீரும்வரை பேசினார். "தப்பு பண்ணிட்டேனா?" என்றார். இல்லை என்றேன். வேறென்ன சொல்ல? அழுதேன்.

ஏப்ரல் 3, காலை
ஆன்டெனா செத்தது செத்ததுதான். கப்பல் பக்கத்தில் வந்தால் மட்டும் பேச முடியும். ஒரே வாக்கியம்: தண்ணீர் குடிக்காதீர்கள், திரும்பிப் போங்கள். எழுந்ததும் சொல்லிப் பார்க்கிறேன். சாப்பிடும்போதும். சொல்லிவிட்டால் போதும், நான் என்ன ஆனாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 8
தண்ணீர். போங்கள். நடுவில் ஒன்று வரும். காலையில் இருந்தது.
வெளியே யாரோ படுத்திருக்கிறார். ஏன் உள்ளே வரவில்லை? இந்தப் பூவின் பெயர் என்ன?

ஏப்ரல் 11
குரல்! மனிதக் குரல்!
"நிலையம், தும்பியிலிருந்து கேப்டன் ரஹீமா பேசுறேன். எங்ககிட்ட தண்ணி தீரப்போகுது. உங்க தொட்டியில எடுத்துக்கலாமா? இல்லன்னா சொல்லிடுங்க, இப்பவே திரும்பிடுறோம். இறங்கிட்டா திரும்ப முடியாது."
பாவம், என்ன தாகமோ. இதையெல்லாமா கேட்பது? தாராளமாக வாங்க என்றேன். கண்ணாடி மாதிரி தெளிந்து கிடக்கிறது என்றேன். சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று.
இன்னும் ஏதோ சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. போய்விட்டது.
ஆறு பேராம். ஆறு டம்ளர் கழுவினேன். நிரப்பி மேஜையில் வைத்திருக்கிறேன்.