எலி நீந்தும் நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

வழக்கமான நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசலாம் என்றால் உங்கள் தம்பி எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் கடிதம். இது வந்ததை அவரிடம் சொல்ல வேண்டாம்.

தொழிலுக்கு ஒரு குறைவும் இல்லை. அவரோடு ஆற்றில் இறங்கி மீன் பிடிக்க, இந்தப் பருவம் முடியும்வரை ஆட்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் வந்திருந்தபோது அவர் பகல் வேளையில், ஈ மாதிரிச் செய்த சின்னத் தூண்டிலைத்தான் வீசிக்கொண்டிருந்தார். இப்போது எல்லோருக்கும் எலித் தூண்டில் பைத்தியம். பொழுது சாய்ந்ததும் கரைப் புல்லிலிருந்து தவறி விழுந்து நீந்தும் சுண்டெலியைத் தின்ன, பெரிய டிரவுட் மீன்கள் கரையோரம் வருமாம். அதேபோல ஒரு பொய் எலியை வீசி, தண்ணீர்மேல் கோடு கிழித்தபடி மெல்ல இழுக்க வேண்டும். அந்த எலிகளைச் செய்வது நான். முள்ளில் மான்முடியைச் சுற்றி இறுக்கி, கத்தரியால் உருண்டையாக நறுக்கி, தோல் வார் ஒன்றை வாலாகக் கட்டுகிறேன். எலியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிற நான் நாளைக்கு எட்டு எலி பெற்றுப் போடுகிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

போன மாதம் வாசல் பெஞ்சை இரண்டடி தள்ளிப் போட்டேன். அன்று சாயங்காலம், விளக்குப் போடக்கூட நேரமாகவில்லை, சமையலறையிலிருந்து பார்த்தாலே பெஞ்சின் நாலு காலும் தெரிந்தது. அவர் வெளியிலிருந்து நேராக நடந்து வந்து அதில் இடித்து விழுந்தார். முழங்கால் தோல் உரிந்துவிட்டது. பெஞ்சை யார் நகர்த்தியது என்று சத்தம் போட்டார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை.

அதன்பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்காமலே இருந்திருக்கலாம். அந்தி வேளையில் டீ ஊற்றினால், கோப்பை விளிம்பில் விரலை வைத்துக்கொண்டுதான் ஊற்றுகிறார். வண்டியிலிருந்து ஆற்றுக்கு நடக்கும்போது உதடு அசைகிறது. பாட்டு முணுமுணுக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் அடி எண்ணுகிறார், அக்கா. திரும்பி வரும்போது, கை ஈரமாக இருக்கிறது, நீங்களே ஓட்டுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறாராம். ஆற்றில் டார்ச் அடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். வெளிச்சம் பட்டால் பெரிய மீன் வராது என்பார், அது உண்மையும்கூட. ஆனால் எலியின் தலையை அகலமாக வை, இழுக்கும்போது களக் களக்கென்று சத்தம் வர வேண்டும் என்று அவர் என்னிடம் சொல்ல ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது. மீனுக்காக என்றுதான் நானும் வைத்தேன். இப்போதுதான் புரிகிறது. எலி எங்கே போகிறது என்று தெரிய அவருக்கு அந்தச் சத்தம்தான் வேண்டியிருக்கிறது.

எலித் தூண்டில் வீசும் இருட்டில் யாருக்கும் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் காதால்தான் மீன் பிடிக்கிறார்கள். அவருக்குக் கண் தெரியவில்லை என்பதை அங்கே யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

மாமாவைப் பற்றி, உங்கள் அப்பாவைப் பற்றித்தான், ஒன்று கேட்க வேண்டும். அவர் ஆறு மணிக்குமேல் வீட்டுப்படி இறங்க மாட்டார் என்று கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். ஏன் இறங்க மாட்டார்? உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு மூத்தவர் நீங்கள்தானே.

எங்கள் வாலுக்கு, உங்கள் மருமகளுக்கு, பத்து வயது முடிந்துவிட்டது. அத்தைக்கு முத்தம் என்று எழுதச் சொல்கிறாள். பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதிய நாலு வரி கிடைத்தது. மாமாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் மாலையில் வெளியே போக மாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். சரி என்று மடித்து வைத்துவிட்டேன். கோடைக்காலத்திலும் குளிருமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன். 

என் எலி எப்படி நீந்துகிறது என்று பார்க்க ஆசை என்று பொய் சொல்லி, நானும் அவரோடு ஆற்றுக்குப் போக ஆரம்பித்திருந்தேன். அன்று வந்தவர் ஒரு பல் டாக்டர் அம்மா. அறுபது வயதிருக்கும். வருஷா வருஷம் வருகிறவர், நல்ல கை. இருவரும் மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டார்கள். ஆற்றின் நடுவில் கூழாங்கல் திட்டு ஒன்று உண்டு. திட்டுக்குப் போக முழங்கால் ஆழத்தில் ஒரு தடம். அந்தத் தடத்தை அவர் பாதி எண்ணிக்கையாலும் பாதி தண்ணீரின் சலசலப்பாலும்தான் கண்டுபிடிக்கிறார் என்று கரையில் உட்கார்ந்து பார்த்தபோதே புரிந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக் கேட்டு அடி வைத்தார்.

அதற்கு முந்தின வாரம் மேலே பெரிய மழை. ஆறு அந்தத் தடத்தின் ஒரு பக்கத்தை அரித்துக்கொண்டு போயிருந்தது. நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது, அக்கா. இன்னும் வானத்தில் வெளிச்சம் இருந்தது. வெளிர்ந்த தண்ணீரும் அதை ஒட்டிக் கறுத்த தண்ணீரும் கோடு போட்டது போல் பிரிந்து கிடந்தன. அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நேராகக் கறுப்பை நோக்கிப் போனார். நான் எழுந்து கூப்பிடுவதற்குள் அந்த அம்மா முங்கிவிட்டார். கை நழுவிவிட்டது.

அடுத்து நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் அந்த அம்மாவைக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. உங்கள் தம்பி இரண்டு கையையும் நீட்டி, எதிர்ப்பக்கம், ஒன்றுமே இல்லாத தண்ணீரில் துழாவிக்கொண்டு நிற்கிறார். எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்க என்று கேட்கிறார். பத்தடி தூரத்தில் அந்த அம்மாவின் வெள்ளைத் தொப்பி மிதந்து போகிறது.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. எனக்கு நீச்சல் தெரியாதது உங்களுக்குத் தெரியும். நல்லவேளை, கரை வளைகிற இடத்தில் இடுப்பளவுதான் இருந்தது. அந்த அம்மா தூண்டில் கோலை விடவே இல்லை. அதன் நுனியைத்தான் நான் பிடித்தேன். இழுத்துக் கரையில் போட்டபோது ரப்பர் கால்சட்டைக்குள் புகுந்த தண்ணீரோடு இரண்டு ஆள் கனம் கனத்தார். இருமி இருமி, மூச்சு வந்ததும், "என் காலுதான் சறுக்கிடுச்சு, வயசாச்சு பாருங்க" என்றார். உங்கள் தம்பி அதற்குள் கரைக்கு வந்துவிட்டிருந்தார்.  அந்த அம்மாவே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டபோது, அவர் மறுக்காமல் குனிந்து கோலில் சுற்றியிருந்த தூண்டில் நரம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கிளம்பினோம். வண்டியை நான் ஓட்டினேன். வந்து ஈரத்துணியோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மூணு வருஷமா," என்றார். "அப்பாவை அக்காதான், எட்டு வயசுலேருந்தே, சாயங்காலம் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவா. அது மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. எட்டு வயதுப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியக் கூடாது என்று நடந்திருக்கிறாள். அந்தப் பழக்கம் இன்னும் உங்களைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சனிக்கிழமை ஒரு அப்பாவும் அவர் மகளும் வருகிறார்கள். நம் வாலைவிட இரண்டு வயது பெரியவள். அவர் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஒரு தடவை, பார்த்துப் போகிறேன் என்கிறார். பார்த்து என்கிற வார்த்தையை அவர் வாயாலேயே சொல்கிறார், அக்கா. நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்தபோது நான் சமையலறையில்தான் இருந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அவர் முழுநேரமும் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்தார். பிறகு அந்த அப்பாவைக் கூப்பிட்டு, வர வேண்டாம், என் கண் சரியில்லை என்று சொன்னார். இரண்டே வாக்கியம். சொல்லி முடித்ததும் சட்டை நனைந்திருந்தது.

அடுத்து பல் டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டார். அதை நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார். உங்கள் கால் சறுக்கவில்லை, நான்தான் உங்களைப் பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், எனக்குச் சாயங்காலத்தில் கண் தெரியாது என்றார்.  அப்புறம் அந்த அம்மா, அன்றைக்கே தனக்கு வயதாகிவிட்டது, இனி ஆற்றில் இறங்கத் தகுதியில்லை என்று முடிவுகட்டி, தூண்டில் கோல்கள் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாராம். என் கால் நல்லாத்தான் இருந்ததா என்று ஒரு தடவை கேட்டாராம். ஆமாம் என்றாராம் இவர். உடனே அந்த அம்மா போனை வைத்துவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆனால் மறுநாள், ஒரு கண் மருத்துவரின் பெயரையும் நேரத்தையும் மட்டும் எழுதி ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.

போனோம். கண்ணில் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, ஒரு இயந்திரத்துக்குள் புள்ளி தெரிகிறதா தெரிகிறதா என்று அரைமணி நேரம் சோதித்தார்கள். முதலில் இருட்டுப் பார்வை போகுமாம், பிறகு பக்கவாட்டுப் பார்வை. அதற்குப் பெரிய மருந்து இப்போது இல்லையாம். நேர்ப் பார்வை பல வருஷம் நிற்கலாம் என்றார் மருத்துவர். உங்கள் தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து, பகலில் படகில் உட்கார்ந்து வீசலாம், அதற்குக் கண் இருக்கிறது என்றார். வேறு யாரும் வராமல் என்றேன். சரி என்றார்.

மருத்துவர் இன்னொன்றும் கேட்டார். இது வழிவழியாக வருவது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. ஒரு பெண் என்றேன். அவரோடு பிறந்தவர்கள் யார் என்று கேட்டார். ஒரு அக்கா, அக்காவுக்கு இரண்டு பையன்கள் என்றேன். எழுதிக்கொண்டார்.

நேற்று சாயங்காலம், பொழுது அமர்ந்த பிறகு, கொடியில் இருந்த துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு வா என்று வாலை அனுப்பினேன். வாசல் விளக்கை வேண்டுமென்றே போடவில்லை. பெற்றவள் செய்யக்கூடிய காரியமா அது, அக்கா? கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குதித்துக்கொண்டுதான் போனாள், குதித்துக்கொண்டுதான் வந்தாள். கை நிறையத் துணி. எல்லாம் எடுத்துட்டேம்மா என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். காலையில் போய்ப் பார்த்தால் அவளுடைய கருநீலப் பாவாடை ஒன்று கொடியிலேயே கிடந்தது. குழந்தைதானே, கவனம் எங்கோ இருந்திருக்கும். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்கு அவளுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் பெரியவன் இப்போதும் ராத்திரி லாரிதான் ஓட்டுகிறானா? போன முறை போனில், லாரியில் முன்விளக்கு போதவில்லை, மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் சண்டை போடுகிறான் என்று சொன்னீர்கள். விளக்கில்தான் குறையாக இருக்கும். அப்படியே இருக்கட்டும். ஆனாலும் வியாழக்கிழமைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வரும் வழியில் அவனை ஓட்டவிட வேண்டாம். பகல் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். எந்த நேரம் வந்தாலும் நான் நிறுத்தத்தில் நிற்பேன்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். நல்ல கண்ணோடு நீண்ட நாள் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
தம்பி மனைவி