வண்டியை விற்ற காரணம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், வாசலில் எங்களோடு மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்த மோட்டார் சைக்கிள் மட்டும் போய்விட்டது, அதுவும் போன இடத்தில் சுகமாகத்தான் இருக்கும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உங்கப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, இதைச் சொல்லாதே அதைச் சொல்லாதே என்று ஜாடை காட்டிக்கொண்டே இருக்கிறார், பிறகு நான் எதைப் பேசுவது? இப்போது அவரே, எல்லாத்தையும் விவரமா எழுதிடு என்று சொல்லிவிட்டார். அதனால் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேல் வீட்டு டீச்சரின் இரண்டு பாவாடை இன்னும் இடுப்புப் பட்டி வைக்காமல் கிடக்கிறது, கிடக்கட்டும்.

முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைக்கு என்ன நன்றி என்பாய், ஆனால் நீ செய்தது எவ்வளவு பெரிய உதவி என்று உனக்கே தெரியாது. முழங்கால் வலியால் அப்பாவுக்கு வண்டி ஓட்ட முடியவில்லை, விற்க வேண்டும் என்று நாங்கள் சொன்னதை நம்பி, இருந்த இடத்திலிருந்தே பழைய வண்டி வாங்கும் கம்பெனியை இணையத்தில் கண்டுபிடித்து, வண்டி நம்பரையும் வீட்டு முகவரியையும் பதிந்து கொடுத்தாய். பாப்பா, முழங்காலுக்கு ஒன்றுமில்லை, கல்லு மாதிரி இருக்கிறது. கண்தான் போய்விட்டது. முழுசாக இல்லை, பதறாதே. இடது பக்கம் ஓரமாக வருவது எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது, வலியே இல்லாமல் வருகிற வியாதியாம். போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்று கண் டாக்டர் சொன்னார். உங்கப்பா நல்ல பிள்ளை மாதிரி சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என்னைப் பின்னால் உட்காரச் சொல்லி அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேள். நான் வரமாட்டேன் என்றால் தனியாகக் கிளம்பிவிடுவார், அதனால் எங்கே போனாலும் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். இடது பக்கம் பஸ், இடது பக்கம் தள்ளுவண்டி, இடது பக்கம் நாய், நாய் நின்னுடுச்சு, இப்போ போங்க என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டே போவேன். ரொட்டிக்கடைக்குப் போய் வருவதற்குள் தொண்டை கட்டிவிடும். ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது, லிஃப்ட் ரிப்பேர்காரருக்குக் கண்ணு போயிடுச்சுன்னு பரிதாபமா பார்ப்பாங்க, என்னால தாங்க முடியாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தார். எத்தனை மாடிக் கட்டடங்களில் இருட்டுக் குழிக்குள் இறங்கிக் கம்பியும் கப்பியும் பார்த்த மனுஷன், அவருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. ஒரு நாள் மருந்துக்கடைத் திருப்பத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளில் குறுக்கே வந்தாள். பொண்ணு, பொண்ணு என்று நான் அலறிய அலறலில் பிரேக் பிடித்தார். சைக்கிள் சக்கரத்துக்கும் எங்கள் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அந்தப் பெண் எங்களை முறைத்துவிட்டுப் போய்விட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. உங்கப்பா வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். நீ கத்தலைன்னா என்ன ஆயிருக்கும் என்று கேட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

விற்க அவர்தான் முடிவு செய்தார். ஆனால் தெரிந்தவர் யாருக்கும் கொடுக்கச் சம்மதிக்கவில்லை, ஏன் விற்கறீங்க என்று கேட்பார்களே. மெக்கானிக் வண்டியை எனக்குக் கொடுங்க என்று கேட்டார், ரொட்டிக்கடைக்காரரும் கேட்டார், எல்லோரிடமும் யோசிச்சு சொல்றேன் என்று நழுவினார். அப்போதுதான் நீ இந்தக் கம்பெனியைச் சொன்னாய். முன்பின் தெரியாத ஆள் வருவான், பார்ப்பான், கொண்டுபோவான், கேள்வி கேட்க மாட்டான் என்று அவருக்கு உயிர் வந்தது. கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று நான் சொன்னதைக் கேட்டு மேல் வீட்டு டீச்சர் போலீஸ்தான் வருகிறது என்று பயந்து, இறங்கி வந்து என்ன பிரச்சினை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வந்தது ஒரு பெண், பாப்பா. உன் வயசுதான் இருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். உங்கப்பா முந்தின நாளே வண்டியைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்தார், கிழிந்த சீட் உறைக்குப் பதிலாக என்னிடம் புது உறை தைத்து வாங்கியிருந்தார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போனில் படம் எடுத்தாள். அவள் கண்ணில் படாததையெல்லாம் இவர் வலியப் போய்க் காட்டிக்கொடுத்தார். மழைக்காலத்துல ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்மா, சைலன்சருக்கு அடியில ஒட்டு போட்டிருக்கேன் குனிஞ்சு பாரு, இந்தச் சத்தம் செயின்ல இருந்து வருது என்று ஒன்றுவிடாமல். ஒவ்வொரு குறைக்கும் விலை இறங்கும் என்று நீ சொல்லியிருந்தாயே, நுணலும் தன் வாயால் கெடும் என்று நான் சமையலறை ஜன்னலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். நீங்களும் வாங்க சார், பின்னாடி உட்காருங்க என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. ஒரு நிமிஷம் தயங்கினார், பிறகு ஏறிக்கொண்டார். திரும்பி வந்தபோது முகம் லேசாக இருந்தது. நம்ம பாப்பா மாதிரியே ஓட்டுறா, வளைவுக்கு முன்னாலயே வேகத்தைக் குறைக்கிறா என்று என்னிடம் வந்து சொன்னார்.

கடைசியாக அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே, விற்கிறதுக்குக் காரணம் என்ன சார், இதைப் போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும் என்றாள். எனக்குத் திக்கென்றது. எதற்காக இவ்வளவு தூரம் சுற்றினோமோ அந்தக் கேள்வி வாசலிலேயே வந்து நிற்கிறது. டீச்சர் மாடிப்படியில் நிற்கிறார், எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் வேடிக்கை பார்க்கிறார், ரொட்டிக்கடைக்காரர் வேறு சைக்கிளை நிறுத்திவிட்டார். புது வண்டி வாங்கப் போறோம்மா என்று நான் வாயைத் திறப்பதற்குள் உங்கப்பா, கண்ணு சரியா தெரியலைம்மா, அதான் என்றார். அவள் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்படி ஒண்ணு இதுல இல்ல சார், மற்றவைன்னு போட்டுக்கவா என்று மெதுவாகக் கேட்டாள். மற்றவைன்னு போடாதம்மா, எழுத இடம் இருந்தா கண்ணுன்னே எழுது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதே சமயம் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போலவும் இருந்தது.

எல்லோரும் வாயடைத்துப் போவார்கள் என்றுதானே நினைப்பாய்? எலக்ட்ரீஷியன், அது எங்களுக்கு எப்பவோ தெரியும் அண்ணே, அக்கா பஸ்ஸு நாயின்னு கத்திக்கிட்டுப் போறதைத்தான் தினமும் கேட்கிறோமே என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா, நாங்கள்தான் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம். உங்கப்பாவே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் கேட்கலை என்றார் டீச்சர். இப்போது மார்க்கெட்டுக்குப் போகும்போது எலக்ட்ரீஷியன் தன் வண்டியில் கூட்டிப்போகிறார், ரொட்டியைக் கடைக்காரரே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். யாரும் பரிதாபப்படவில்லை, கேலிதான் செய்கிறார்கள். அது அவருக்குப் பிடித்திருக்கிறது. கம்பெனி சொன்ன விலையும் மோசமில்லை, வண்டி வாசலை விட்டுப் போவதற்கு முன்பே பணம் வங்கிக்கு வந்துவிட்டது. இப்படிப்பட்ட அக்கம்பக்கத்துக்கும், அந்தப் பெண்ணுக்கும், உனக்கும், இத்தனை காலம் எங்களை எங்கேயும் கீழே தள்ளாமல் கொண்டுவந்து சேர்த்த அந்த வண்டிக்கும் நான் தினமும் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

நேற்று சாயங்காலம் சொட்டு மருந்து விடும்போது உங்கப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வியாதி அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரலாம், உங்க பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்லுங்க என்று டாக்டர் முதலில் கண்ணைப் பார்த்த அன்றைக்கே சொல்லியிருந்தார். அவர் ஊர் வாய்க்கு மட்டும் பயப்படவில்லை பாப்பா. உன்னிடம் கண் என்று ஆரம்பித்தால் இதையும் சொல்ல வேண்டி வருமே, நான் பிள்ளைக்குக் கொடுத்தது இதுதானா என்று உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறார். ஊருக்கே சொல்லிட்டேன், பெத்த பிள்ளைக்குச் சொல்லலைன்னா நான் என்ன அப்பன், நாளைக்கே எழுது என்றார்.

அதனால் இதைப் படித்து முடித்தவுடன் கண் டாக்டரிடம் நாள் குறித்துக்கொள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டால் வந்துவிடாதே, கண் அழுத்தத்தையும் ஓரப் பார்வையையும் சோதிக்கச் சொல். எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்லாதே, அவரும் அதைத்தான் சொன்னார். மாப்பிள்ளையையும் கூட அழைத்துக்கொண்டு போ. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும். கடைசியில் இரண்டு வரி நான் எழுதுகிறேன் என்று உங்கப்பா பேனாவைப் பிடுங்குகிறார், கோடு தாண்டிப் போயிருந்தால் பொருட்படுத்தாதே.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா

பாப்பா, வலிக்கவே இல்லை என்பதால்தான் நான் போகாமல் இருந்துவிட்டேன். நீ போய்ப் பார்த்துவிட்டு, எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்.
அப்பா