இடுப்பில் வந்த ஸ்பேனர்

1952 ஆவணி, வியாழக்கிழமை

இவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினார். இடுப்பு பெல்ட்டில் ஒரு ஸ்பேனர் செருகியிருந்தது. பதினெட்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர். அங்கே அவரவர் ஸ்பேனர் அவரவர் இடுப்பில்தான் வீட்டுக்கு வரும். அந்தப் பழக்கத்தில் மீனம்பாக்கத்து விமானப் பட்டறை ஸ்பேனரையும் கொண்டுவந்துவிட்டார். அங்கே எல்லா ஸ்பேனரும் கருவி மாட்டும் பலகைக்குத் திரும்பினால்தான் விமானத்தை வெளியே விடுவார்கள். உள்ளே விழுந்துவிட்டதோ என்று இந்நேரம் எஞ்சினைப் பிரித்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். நாற்பத்திரண்டு வயதில் கற்றுக்குட்டியாகச் சேர்ந்தவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

கூடத்திலிருந்த இவர் அண்ணன் சிரித்தார்.

"ஒரு ஸ்பேனருக்கா இம்மாம் பேஜாரு? கடல்ல வீசிட்டு வந்து துண்ணுடா. எவன் பாத்தான்? பி.ஏ. படிச்சவ பேச்சைக் கேட்டு ஆர்பர் வேலைய வுட்ட. இதுவும் பூட்டா இன்னா பண்ணுவ?"

இவர் என்னைப் பார்த்தார். எங்கள் பாப்பாவுக்கு ஏழு மாதம்தான். ஆனாலும் சட்டையை எடுத்து இவரிடம் நீட்டினேன்.

"போய் உங்க கையாலயே கொடுத்துட்டு வாங்க. துரத்தினா துரத்தட்டும். மறுபடியும் போய் வேலை கேப்போம்."

இவர் அண்ணனிடமும் சொன்னேன். "ஆமாம் மாமா, என் பேச்சைக் கேட்டுத்தான் அங்கே சேர்ந்தார். இப்பவும் என் பேச்சைக் கேட்டுத்தான் போறார்."

இவர் இன்னும் திரும்பவில்லை. என்ன சொன்னார்களோ. இவருடைய நீல வேலை உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். காலையில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.