போனஸ் சேலைப் பொய்

என் செல்ல மல்லிகாக்காவுக்கு,

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நாலு நாளாக வெயிலே இல்லை. தேயிலைக் கொழுந்து மட்டும் தளதளவென்று நிற்கிறது. மேஸ்திரி வழக்கம்போலக் கொழுந்து பறிக்கிற எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் தோட்டத்து ஆபீசில் அதே கிளார்க் நாற்காலியில்தான் இருக்கிறேன், வாய்தான் கொஞ்சம் நீண்டுவிட்டது. நீ இருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாய்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தூக்கம் போய், நீ தனியாகப் பேசத் தொடங்கிய அந்த ஐப்பசியில் போனஸ் வந்திருந்தது. போனஸ் வந்தால் பெண்களெல்லாம் தோட்டத்து வண்டியில் குன்னூர் போய்ச் சேலை எடுப்பது நம் வழக்கம். "அக்கா, சேல எடுக்கப் போலாம், வா" என்று நான்தான் கூப்பிட்டேன். நீ தலைவாரி, பவுடர் பூசிக்கொண்டு ஜீப்பில் ஏறினாய். மலை இறங்கத் தொடங்கியதும், "ஏன் புள்ள, கடையெல்லாம் தாண்டிருச்சே" என்றாய். "கோயமுத்தூர்ல இன்னும் நல்லதாக் கெடைக்குங்க்கா" என்றேன். நீ நம்பினாய்.

கோயமுத்தூர் மனநல ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் உன் கையைப் பிடித்தார்கள். உன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பார்க்க வந்தபோது உன் மணிக்கட்டுகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். "சேல எடுத்தாச்சா?" என்று கேட்டாயே, அக்கா. அப்போதே அவிழ்த்துக் கூட்டிவர எனக்கு ஏன் தோன்றவில்லை?

வீடு திரும்பிய பிறகு நீ எந்த வண்டியிலும் ஏறவில்லை. குன்னூருக்குக்கூட நடந்தே போனாய். பிடிவாதக்காரி என்று கேலி செய்தோம். அந்தக் கடைசி மழையில் காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாகக் கிடந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. நீ கதவு நிலையைப் பிடித்த பிடியை விடவில்லை. நினைவு தப்பிய பிறகுதான் உன்னைத் தூக்கி ஏற்ற முடிந்தது, அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. காய்ச்சலோடு என் பொய்யும் சேர்ந்துதான் உன்னைக் கொன்றது.

இப்போது இதைக் கேள். போன மாதம் மூன்றாம் லைன் வீடுகளில் இருக்கும் முருகேசனின் மனைவி செல்விக்கும் உனக்கு வந்ததுபோலவே வந்தது. முருகேசன் ஆபீசுக்கே வந்துவிட்டான். "சாந்தியக்கா, ஜீப்பு நிக்குதுங்க. போனஸ் சேல எடுக்கப் போலாம்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா ஏறிக்குவா." நான் உண்டாக்கிய பொய் தோட்டத்துக்கே வைத்தியமாகிவிட்டிருந்தது.

"பொய் சொல்றதுக்கு நான் வரல முருகேசா. நெசத்தச் சொல்லோணும்னா வர்றேன்" என்றேன்.

செல்வியிடம் போய், "டாக்டரப் பாக்கத்தான் ஜீப்பு நிக்குது. வேண்டாம்னா திருப்பி அனுப்பிர்றேன்" என்றேன். "வேண்டாம் போங்க" என்றாள். அனுப்பிவிட்டேன். முருகேசன் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! மறுநாளும் அதே பதில்தான். லைன் பெண்கள் மாற்றி மாற்றி அவள் கூடவே இருந்தோம். நாலாம் நாள் காலையில் அவளாகவே, "பஸ்ல போலாங்களா? என்னைய அங்க உட்டுட்டு வந்துர மாட்டீங்களே?" என்றாள். ஊட்டிக்குப் போய் டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு சாயங்காலமே திரும்பினோம்.

தெளிந்ததும் செல்வி ஒரு காகிதம் எழுதினாள். மறுபடி முடியாமல் போனால் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், எதைச் செய்யக் கூடாது, தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று. இப்படி எழுதிவைக்க மனநலச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நீ இருந்தபோதே இருந்தது. நம் லைன் வீடுகள் வரை அதை யாரும் கொண்டுவரவில்லை, ஆபீசில் உட்கார்ந்திருந்த நானும் தேடவில்லை. செல்வி எழுதிய முதல் வரி, "என்கிட்ட பொய் சொல்லக் கூடாது." அவள் சார்பில் பேச என்னைத்தான் நியமித்திருக்கிறாள்.

ஆனால் அதே சட்டம், சில நிலைமைகளில் சம்மதம் இல்லாமல் சேர்க்கவும் கட்டிப்போடவும் இன்னும் அனுமதிக்கிறது. அதை மாற்றச் சொல்லித்தான் அரசாங்கத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். நடக்குமா என்று கேட்காதே, நடக்கும். கையெழுத்து வாங்க லைன் லைனாகப் போனபோது முருகேசன்தான் முன்னால் நடந்தான்.

அடுத்த வாரம் ஊட்டியில் இதற்காக ஒரு கூட்டம். நானும் பேசுகிறேன். எங்களுக்கு உதவும் வக்கீலம்மா, "ஒரு குடும்பத்துல இப்படி நடந்துச்சுன்னு பொதுவாச் சொல்லுங்க, போதும்" என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்குப் போதாது, அக்கா.

உன் பெயரைச் சொல்வேன். ஏமாற்றி ஏற்றியவளும் கையெழுத்துப் போட்டவளும் நான்தான் என்று சொல்வேன். உன்மேல் வைத்த பாசத்தில்தான் அத்தனையும் செய்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன். பாசம் உள்ளவர்கள் கையில்கூட இந்த அதிகாரம் இருக்கக் கூடாது என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவள் யார்? குரல் உடைந்தாலும் சொல்லி முடிக்காமல் உட்கார மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி