தோள் மடிப்பில்லாத ஒரு சதம்

லிட்கம்,
திங்கட்கிழமை

இஞ்சாருங்கோ,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நவராத்திரிக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கியபோது, சாமித்தட்டில் நான் வைத்திருந்த அண்ணாவின் கனடா ஒரு சத நாணயத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு, அடுத்த நாளே கிளேட்டனுக்கு மகளிடம் போய்விட்டீர்கள். கேட்டதற்கு, "ஒரு சதத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ? இப்ப பளிச்செண்டு இருக்கெல்லோ!" என்றீர்கள்.

இன்று அதை நகரத்தில் பழைய நாணயங்களை மதிப்பிடுபவரிடம் கொண்டுபோனேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். 1955ஆம் ஆண்டுக் கனடாச் சதங்களில் பொறித்திருக்கும் ராணியின் தோளில் உடையின் மடிப்பு தெரியுமாம். மிகச் சிலவற்றில்தான் அது இல்லையாம். இது அந்த வகை என்றார்.

பிறகு, யார் இதைத் தேய்த்தது என்று கேட்டார். பழைய பழுப்பு நிறத்தோடு இருந்திருந்தால் பல நூறு டொலர் போகுமாம். இப்போது கால்வாசிகூடக் கிடைக்காதாம். போன நிறம் திரும்பாதாம்.

விற்பதற்காக நான் போகவில்லை. டொரொன்டோவிலிருந்து வந்து இதை என் கையில் தந்தபோது அண்ணாவும் மடிப்பில்லாத அந்தத் தோளைத்தான் காட்டி, இது அரிய காசு என்றார். நீங்கள் சாப்பாட்டு மேசையில், எல்லாருக்கும் முன்னால், "மச்சான், உந்தக் கனடாப் புளுகு இஞ்ச எடுபடாது" என்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு அவர் இந்த வீட்டுக்கு வரவேயில்லை.

நீங்கள் வந்ததும் முதலில், மாலை போட்ட அண்ணாவின் படத்துக்கு முன்னால் நின்று, "மச்சான், நீங்கள் புளுகேல்லை" என்று வாய் திறந்து சொல்லுங்கோ. அதன் பிறகு குசினிப் பக்கம் சாப்பிட வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சானின் தங்கச்சி