தெல்தெனிய ரோட்டில் இருபத்தைந்து நிமிடம்

அப்பா,

இன்று காலை வத்தேகமையிலிருந்து ஒருவர் நம் வேனை விலைக்கு வாங்கப் பார்க்க வந்தார். பின்கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. எத்தனை முறை கழுவியும் போகாத வாடை. அவர் மூக்கைச் சுளித்தார். "லீவு விட்டா கூடாரம் அடிக்கப் போவோம். அடுப்பு, சட்டி பானை எல்லாம் இதுலதான் போகும்" என்றேன். "குடுத்து வச்ச குடும்பம்" என்றார்.

அவர் போன பிறகு உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. அழுகையை இதில் தேடாதீர்கள்.

சொந்தக்காரர்களும் நம்மைக் குடுத்து வச்ச குடும்பம் என்றுதான் சொன்னார்கள். கந்தோரில் கிளாக்கராக இருந்த நீங்கள், ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தேய்ந்த வேனை வாங்கி, பள்ளி விடுமுறைதோறும் எங்களை விக்டோரியா நீர்த்தேக்கக் கரைக்குக் கூட்டிப்போனீர்கள். தம்பிக்கு நீச்சல் பழக்கினீர்கள். எனக்குப் பறவைகளின் பெயர்களைச் சொன்னீர்கள். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவுக்கு அது விடுமுறை இல்லை. தண்ணீர் சுமந்து, காற்றில் அணையும் அடுப்போடு மல்லுக்கட்டி, சோறு குழைந்தால் உங்கள் வாய்க்கும் பதில் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கூடாரம் அடித்து முடிந்து அடுப்பை இறக்கிய பிறகுதான் தெரிந்தது, அம்மா நெருப்புப்பெட்டியை மறந்துவிட்டாள்.

"ஒரு நெருப்புப்பெட்டி எடுத்து வைக்கத் தெரியாதா ஒனக்கு?"

"மேல ரோட்டுல கடை இருக்குங்க. நடந்து போய் வாங்கிட்டு வந்திர்றேன்."

"நடக்கத்தான் போற."

கூடாரத்தைப் பிடுங்கிச் சுருட்டினீர்கள். எல்லாரையும் ஏற்றினீர்கள். தெல்தெனிய ரோட்டுக்கு ஏறியதும் வேனை நிறுத்தி, "இறங்கு" என்றீர்கள். அம்மா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். "இறங்குடி" என்றதும் சிரிப்பு நின்றது. இறங்கினாள். அவளுடைய கைப்பை சீட்டுக்கு அடியில் கிடந்தது. நான் அதை எடுத்து நீட்டுவதற்குள் வேன் புறப்பட்டுவிட்டது. பின்கண்ணாடி வழியே பார்த்தேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. அம்மா கையை உயர்த்தினாள். எங்களைக் கூப்பிட அல்ல, முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொள்ள.

நான்கு மணி நேரம் கழித்து, இரக்கப்பட்ட ஒரு பஸ் கண்டக்டரின் தயவில் கண்டியில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஈரப் புடவையோடு நேரே அடுப்படிக்குப் போனவள், "புள்ளைங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நீங்கள் பேசினீர்கள். ஞானஸ்நான வீட்டில், கல்யாண வீட்டில், விருந்தாளி வந்த நாளில். "ரோட்டுல எறக்கி விட்டேன் பாருங்க, அதோட நெருப்புப்பெட்டிய மறந்ததே இல்ல!" எல்லாரும் சிரிப்பார்கள். பரிமாறிக்கொண்டே அம்மாவும் சிரிப்பாள். அவள் இறந்த மறுநாள் அந்தக் கைப்பையைக் கொட்டினேன். ஒரு செபமாலையும் மூன்று நெருப்புப்பெட்டியும் விழுந்தன. உங்களை எங்கேயாவது ஒருநாள் இறக்கிவிட வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தேன். அதன் பிறகு என் வீட்டில்தான் இருந்தீர்கள். நேரத்துக்குச் சோறு போட்டேன், முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன், காத்திருந்தேன்.

போன வருஷம் நீங்களே கேட்டீர்கள். "அந்தக் கரைப்பக்கம் ஒருக்கா போயிட்டு வருவோம் புள்ள." அதே வேன். நான் ஓட்டினேன். வழியில் பிளாஸ்கிலிருந்த தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போட மறந்துட்டியா? அப்படியே ஒங்கம்மா!" என்று சிரித்தீர்கள். தெல்தெனிய ரோட்டில் ஏறியதும் அந்தக் கதையைத் தொடங்கினீர்கள். என்னிடமே.

நிறுத்தினேன். "இறங்குங்கப்பா."

"என்னா வெளையாட்டு இது?"

"இறங்குங்க."

மடக்குக் கதிரையை மர நிழலில் விரித்து உங்களை உட்கார வைத்தேன். கைத்தடியைக் கொடுத்தேன். போனைக் கொடுக்கவில்லை.

இரண்டு வளைவு தாண்டி வேனை நிறுத்தினேன். பசித்தது. நமக்கென்று வாங்கிவந்த மீன் அடைத்த மாலு பணிஸ் இரண்டையும் சாப்பிட்டேன், உங்களுடையதையும் சேர்த்து. அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது உங்கள் பக்கத்தில் ஒரு ஆட்டோ நின்றது. "கூட்டிட்டுப் போகவான்னு கேட்டேன். மகள் கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்திருவான்னு சொல்றாரு" என்றார் டிரைவர். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை நீங்கள். கைத்தடியை ஊன்றி எழுந்து வேனில் ஏறினீர்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் திகன ஊரைத் தாண்டிய பிறகு கேட்டீர்கள். "ஒங்கம்மா வீட்டுக்கு வர எவ்வளவு நேரமாச்சு?"

"நாலு மணி நேரம்."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். "மழை பெஞ்சுச்சு, இல்ல?"

"ஆமா."

அப்படியென்றால் மழை உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம், இத்தனை வீடுகளில், அதை மட்டும் விட்டுவிட்டுத்தான் கதை சொல்லியிருக்கிறீர்கள். அதன் பிறகு நீங்கள் அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நானும்தான்.

உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பணிஸ் உட்பட.

"செஞ்சதுக்கு வருந்தி மனஸ்தாபப்படுறீங்களா மகள்?" என்றார் ஃபாதர்.

"இல்ல ஃபாதர்."

"கொஞ்சம்கூட இல்லையா?"

"கடைக்குப் போயிருக்கான்னு அவரு சொன்னாரே, அது மட்டும் குத்துது. எறக்கி விட்டதுக்கு இல்ல."

மனஸ்தாபம் இல்லாமல் பாவமன்னிப்புத் தர முடியாது, அது வரும்போது வாருங்கள் என்றார். குரலில் கோபம் இல்லை.

உங்கள் பூசையில் நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்துபோனார்கள். பாவமன்னிப்பு இல்லாமல் நான் போக முடியாது. மூத்த மகள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதை அத்தை இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்படித்தான். பெஞ்சு ஓரத்தில் முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விட்டுவிட்டு, எனக்குள் ஏதாவது இளகுகிறதா என்று தேடிப் பார்க்கிறேன்.

இன்னும் இல்லை, அப்பா.